சிப்புக்கு வைத்த பொட்டு

தர்மபுரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர்த் தோட்டத்துப் பழம் என்றைக்கு வரும் என்று சொல்லும் புரோகிராமை இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியவன் நான்தான். அது எங்கள் கம்ப்யூட்டரை இயக்கிய பழைய சாஃப்ட்வேரான டாஸில் மட்டுமே ஓடும். புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்கை எங்கள் மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. மெஷினைப் போட்டதும் அது முதலில் படிக்கிற சிப் பழசு என்பதுதான் காரணம். சிப்போடு டாஸையும் மாற்றிவிடலாம் என்றார் பெங்களூர் என்ஜினியர்.

“சிப்ப மட்டும் மாத்துங்க, டாஸத் தொடாதீங்க” என்று முரண்டு பிடித்தேன்.

“ஓடலைன்னா நீங்க வேற வேலை பாத்துக்கோங்க” என்றார் மேனேஜர். அப்போதும் என் வாய் அடங்கவில்லை.

சிப் தபாலில் வந்தது. அதன் நடுவில் சின்னக் கண்ணாடி, கண்ணாடிமேல் ஒட்டிய காகிதம். காகிதத்தைப் பிரித்து வெயில்படும்படி வைத்தால் உள்ளே எழுதியது அழிந்துவிடும் என்று என்ஜினியர் போனில் சொல்லியிருந்தார். நான் அதை யாரிடமும் சொல்லாமல், சிப்பை ஜன்னலோர மேஜையில் வைத்துவிட்டு ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

நான்கு நாள் கழித்து வந்தால் காகிதத்தைக் காணோம். கண்ணாடிமேல் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். சுற்றிலும் சுள்ளென்று வெயில்.

“காயிதத்து மேல எப்பிடிங்க சார் பொட்டு வெக்கிறது? அதான் உரிச்சுட்டனுங்க” என்றார் ஆபீஸ் கூட்டுகிற அக்கா.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். கத்தும்போதே தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் வந்த என்ஜினியர் சிப்பைப் பார்த்துச் சிரித்தார். “சந்தனம் இவ்வளவு கெட்டியா இருக்கே, வெயில் எப்படி உள்ள போகும்?” பொட்டோடேயே மாட்டினார். ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்தது. திரையில் அதே பழைய டாஸ். என் புரோகிராம் பாப்பாரப்பட்டியில் தொடங்கி ஊர் ஊராக வரிசை போட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என்ஜினியரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன்.

அக்கா காலையிலிருந்து வாசலிலேயே நின்றிருக்கிறார். சாப்பிடக்கூடப் போகவில்லை.

“ஓடுதுங்கக்கா!” என்றேன்.

“அப்ப நாளைக்கும் நா வேலைக்கு வரலாமுங்களா சார்?” என்று கேட்டார்.