ஒன்றரை மணி மாத்திரை

முந்நூறு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் என்ன நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்கிறவர் காவலாளி அல்ல, மூக்குக்காரர்தான். கட்டடத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்தும் இடத்தையும் தாண்டி, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதை ஓட்டுகிறவர் அவர். இன்று துணி துவைக்கும் நாளா, யாராவது ஆசிட் ஊற்றிக் குளியலறை கழுவினார்களா என்பதெல்லாம் முதல் தொட்டியின் மூடியைத் தூக்கியதுமே அவர் மூக்குக்கு வந்துவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் சும்மா கிடந்தது.

வேலையின் சூட்சுமம் எளிது. காற்றடிக்கும் தொட்டியில் மண்வாசனை வந்தால் கழிவைத் தின்னும் கிருமிகள் நலம். அழுகிய முட்டை வாடை வந்தால் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது, காற்றைக் கூட்ட வேண்டும். அவற்றைக் கிருமிகள் என்று அவர் சொன்னதே இல்லை. "பிள்ளைங்க" என்பார். பிள்ளைகள் தின்றதுபோக மிச்சம் கசடாக அடியில் தங்கும். அதைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து, உடைத்து, குடியிருப்புத் தோட்டத்துக்கு உரமாகப் போடுவார். தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தால் பெற்ற தகப்பன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். "இது என்ன உரம்ங்க?" என்று யாராவது கேட்டால் மட்டும், "எல்லாம் நம்ம வீட்டு உரம்தாங்க" என்று நைசாக நழுவிவிடுவார். பொய் இல்லை பாருங்கள்.

மனைவிக்கு இந்தப் பெருமையில் பங்கு வேண்டியிருக்கவில்லை. நிலையத்தை ஒட்டிய இரண்டு அறை வீட்டில்தான் குடித்தனம். ஆனாலும் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அதன் வாசலை மிதித்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டமாய் ஓடிவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். மனைவி அதைச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் தினமும் ஒட்டி அனுப்பினாள். முதல் வாரம் ஒழுங்காக விழுங்கினார். வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போல ஆயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் காற்றுத் தொட்டியை முகர்ந்து பார்த்தார், அதுவும் இரும்பாக வந்தது. மூக்கு போனால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையை நுணுக்கி முதல் தொட்டியில் போட்டுவிடுவார். என்ன போட்டாலும் பிள்ளைகள் செரித்துவிடும் என்று அசையாத நம்பிக்கை. நுணுக்கியது எதற்கு என்கிறீர்களா? பிள்ளைகளின் தொண்டையில் சிக்கிவிடக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்று மனைவியின் கண்ணெதிரே விழுங்கியே ஆக வேண்டும். சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் கவலைப்பட்டு ஒரு மாத்திரையை இரண்டாக்கினார். பிள்ளைகளுக்கும் இரண்டாயிற்று.

இந்த நேரத்தில்தான் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கழிவுநீரில் இப்போது மருந்து, பிளாஸ்டிக் துகள் என்று புதுப்புது சங்கதிகள் கலந்துவருகின்றன, அவை உரத்திலும் ஏறுகின்றனவா என்று பார்க்கவேண்டுமாம். முதல் தொட்டியில் ஒரு பெட்டியை மாட்டினாள். அது அரைமணிக்கு ஒரு முறை தானாகத் தண்ணீரை உறிஞ்சிப் புட்டியில் பிடித்துக்கொள்ளும்.

"பெட்டி எதுக்கும்மா? உள்ள என்ன இருக்குன்னு நானே சொல்லிடுவேனே."

"இதுக்கெல்லாம் வாசனை கிடையாதுண்ணா."

"வாசனை இல்லாதது உலகத்துல எதும்மா இருக்கு?" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவள் மடிக்கணினியோடு மோட்டார் அறைக்கு வந்தாள். குடியிருப்புச் சங்கச் செயலாளரும் கூட வந்திருந்தார்.

"சர்க்கரை மாத்திரை மருந்து நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா வருது. நிறைய பேர் சாப்பிடறாங்க, அது சகஜம்தான். ஆனா தினமும் ஒன்றரை மணிக்கு மலை மாதிரி ஏறுது. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏறல" என்று திரையைக் காட்டினாள். மூக்குக்காரருக்கு மூக்கின் மேல் குப்பென்று வியர்த்தது.

"யாரோ மாத்திரையை அப்படியே கொட்டறான்," என்றார் செயலாளர். "எனக்கு ஆறாவது மாடிப் பெரியவர் மேலதான் சந்தேகம். இன்னைக்கே போய்க் கேட்டுடறேன். ஆள் தெரியற வரைக்கும் உரம் தோட்டத்துக்கு வேண்டாம். எல்லாத்தையும் குப்பை லாரில ஏத்திடு."

பன்னிரண்டு வருடமாகப் பெருமையோடு போட்டுவந்த உரம். வாயைத் திறக்காவிட்டால் அது குப்பைக்குப் போகும், பாவம் ஒரு பெரியவரின் மானமும் போகும். திறந்தால் வீட்டில் தெரிந்துவிடும்.

"பெரியவர் இல்ல சார். நான்தான்."

"என்ன நீதான்?"

"மாத்திரை... என்னோடது."

வேலிப் பக்கம் டப்பா கீழே விழுந்த சத்தம் கேட்டது. சாப்பாடு கொண்டுவந்த மனைவி விடுவிடுவென்று வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். கைக்குட்டையைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை.

"ரெண்டு வருஷமா நான் யாருக்குங்க மாத்திரை குடுத்துக்கிட்டிருந்தேன்?"

"தொட்டிக்கு" என்றார் அவர். அன்று உண்மை பேசும் நாளாக அமைந்துவிட்டது.

"தொட்டிக்காவது சர்க்கரை இறங்கிச்சா?"

சிரிக்கப்போன செயலாளர் அவள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கண் போகலாம், கால் போகலாம் என்று டாக்டர் தனியே கூப்பிட்டுச் சொன்னது அவளிடம்தான். இரண்டு வருடமாக அந்தப் பயத்தோடுதான் தூங்கி எழுந்தாள். இப்போது அவ்வளவும் அழுகையாக வந்தது.

"மூக்கு போயிடும்னு பயந்துட்டேன்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "பிள்ளைங்க செரிச்சிடுவாங்கன்னு நினைச்சேன்."

"உங்க பிள்ளைங்களால முழுசா செரிக்க முடியாதுண்ணா," என்றாள் பரிசோதனைக்கூடப் பெண். "மிச்சம் தண்ணியில போகுது, உரத்துலயும் ஏறுது."

"சரிம்மா, இனிமே முழுங்கிடறேன். அப்ப இங்க வராதில்ல?"

"முழுங்கினாலும் பெரும்பகுதி இங்கதான் வரும். ஆனா வர்ற வழியில உங்களுக்கு ஒரு வேலை செஞ்சிட்டு வரும்."

உரம் பிழைத்தது, பாதியாக. பூச்செடிகளுக்குப் போடலாம், முழுச் சோதனை முடியும்வரை தக்காளிக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. தக்காளிப் பாத்தியைக் கடக்கும்போதெல்லாம் மூக்குக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

ஒரு வாரம் போயிற்று. மனைவி டப்பாவோடு நேராக உள்ளே வந்தபோது, அவர் காற்றுத் தொட்டியின் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, விட்டு விட்டு முகர்ந்துகொண்டிருந்தார்.

"என்னங்க?"

"எல்லாம் இரும்பா வருது. பிள்ளைங்க நல்லா இருக்காங்களா இல்லையான்னே தெரியல." குரல் உடைந்திருந்தது.

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள். முகம் எட்டுக் கோணலாயிற்று.

"நாறுது."

"நாறத்தான் செய்யும். எப்படி நாறுது? முட்டையா, மண்ணா?"

மறுபடி குனிந்து, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக இழுத்தாள்.

"மண்ணு," என்றாள். "மழை பேஞ்ச மண்ணு."

அவர் கைப்பிடியை விட்டார். அவள் டப்பா மூடியிலிருந்து மாத்திரைகளை எடுத்து நீட்டினாள்.

"பிள்ளைங்க நல்லா இருக்காங்க. நீங்க வாயைத் திறங்க."