பதினோராம் மாடியில் பொங்காத பால்

லிப்டுக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. அதற்குப் பின்னால் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வண்ணக் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கதவில் ‘பேச்சுப் பயிற்சி அறை’ என்று மலாயில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எனக்குக் கால் நகரவில்லை. என் கையைப் பிடித்திருந்த மகளும் நின்றுவிட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், ஆனால் வாய் திறந்து பேசுவது அபூர்வம். அவள் பயிற்சிக்காக நானும் என் மனைவியும் மாறிமாறி லீவு போட்டு, கிள்ளானிலிருந்து ஷா ஆலமுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தோம். இங்கே அது லிப்டுக்குப் பக்கத்தில் இருந்தது, பால்கடை மாதிரி.

இந்த இடத்தில்தான் எங்கள் பழைய அடுக்குமாடி இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் அந்த நாலு மாடிக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று வந்தவர்கள், பூப்பந்து மைதானத்தில் எங்களை உட்கார வைத்துப் படம் காட்டினார்கள். மேலே எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள், கீழ்த்தளத்தில் கிளினிக், பிள்ளைகள் நிலையம், சின்னதாக ஒரு மண்டபம் என்றார்கள். பின்வரிசையில் ஒருவர், “ஸ்விம்மிங் பூல மறந்துட்டியே பாஸ்,” என்றார். எல்லோரும் சிரித்தோம். காத்திருப்பவர்களுக்குப் புதுக்கட்டடத்தில் வீடு, வேண்டாம் என்பவர்களுக்கு இழப்பீடு. மகள் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஓடியாட மண் வேண்டும் என்று நாங்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு கிள்ளானில் ஒற்றைமாடி வீட்டுக்குப் போனோம்.

பழைய கட்டடத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அக்காவும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர் கணவரும் காத்திருந்தார்கள். செந்தூலில் ஒரு வாடகை அறையில் வருடக்கணக்காக. தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்தப் பாவத்தில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. பிறகு ரயிலில் வேலை விஷயமாக வரும்போது, கட்டடம் மாடி மாடியாக எழுவது ஜன்னல் வழியே தெரிந்தது. எங்காவது நின்றுபோகும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் புதுவீட்டில் பால் காய்ச்சும் சடங்கு. மனைவிக்கு மருத்துவமனையில் ஷிப்ட். அதனால் மகளைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன்.

பதினோராம் மாடி. மூன்று அறைகள், வெளிச்சம், காற்று. குறை ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். சுவரில் விரிசல் இல்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வேகமாக வந்தது. திறந்தவுடன் மூடினேன்.

“கீழ பாத்தியா தம்பி?” என்றார் அக்கா. “இனி விடிஞ்சா போதும், பிள்ளைங்க சத்தம்தான். நமக்கு இருக்கிறது ஒரே மகன், அவனும் ஜோகூர்ல. நமக்கு எதுக்கு இதெல்லாம்? ஒரு கோப்பிக் கடை வெச்சிருந்தாலும் பிரயோஜனம்லா.”

“ஆமாக்கா,” என்றேன். கீழ்த்தளத்துச் சத்தம் பதினோராம் மாடிக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்க நாக்கு துடித்தது. என் மகளுக்கு வேண்டியது எல்லாம் இவர் காலடியில் இருந்தது. இவருக்கு அது இடைஞ்சல்.

ஐயர் ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கினார். விளக்கு காற்றில் அணைந்து அணைந்து போனதால் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கட்டடத்துக் காவல்கார ஜாகா மேலே வந்து, நெருப்பு மூட்டினால் வாசல் கதவையாவது மூடிக்கொள்ளுங்கள், புகை லிப்ட் பக்கம் போகக்கூடாது என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் கணவர் சிரித்தார். “புதுவீட்டுல ஜன்னலச் சாத்திட்டு வாசக்கதவயும் சாத்துனா லட்சுமி எந்த வழியா வருவா? பைப்பு வழியாவா?”

கதவு திறந்தே இருந்தது. போதாததற்கு அவரே ஒரு கை சாம்பிராணியை அள்ளி நெருப்பில் போட்டார். அக்கா அடுப்பில் பால் பானையை ஏற்றினார். புகை லட்சுமி வரவேண்டிய வழியாக வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் கட்டடம் முழுக்க அலாம் அலறத் தொடங்கியது.

எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். லிப்டுகள் கீழே போய் நின்றுவிட்டன. படிக்கட்டில் ஒரே கூட்டம். என் மகளுக்குச் சத்தம் ஆகாது. மிக்சி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு எங்காவது மூலையில் போய் ஒடுங்குவாள். அவளை அணைத்துக்கொண்டு இறங்கினேன். ஏதோ ஒரு மாடியில், மூட்டு வலிக்கார ஆன்டி ஒருவர் கைப்பிடியைப் பற்றியபடி இறங்க முடியாமல் நின்றார். அவர் தோளைத் தாங்கிப் பிடிக்க என் கையை ஒரு நிமிடம் எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது மகள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் வரிசையாக ஞாபகம் வருவதில்லை. கீழே ஓடினேன். வாசலில் நின்ற முகங்களையெல்லாம் பார்த்தேன். கட்டடத்துக்கு எதிரே பெரிய சாலை, பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் பறக்கும் சாலை. நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டால் பதில் சொல்கிற பிள்ளை இல்லை என்பது கூப்பிடும்போதே தெரிந்தது. ஒரு லோரி பிரேக் போட்ட சத்தத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். லோரி வேறு எதற்கோ நின்றிருந்தது. இப்போதும் பிரேக் சத்தம் கேட்டால் என் கை தானாகப் பக்கத்தில் துழாவுகிறது.

“தம்பி, இங்க வா. பிள்ள இங்க இருக்கு.”

அக்காவின் குரல். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் பால் பானையோடு, அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பதினோரு மாடியும் அந்தப் பானையோடுதான் இறங்கியிருக்கிறார்.

உள்ளே பிள்ளைகள் யாருமில்லை. எல்லோரையும் வெளியே கொண்டுபோயிருந்தார்கள். கதவோரத்தில், மேசைக்கு அடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். காதில் சத்தம் தடுக்கும் பெரிய மஞ்சள் காது மூடி. அவளை வெளியே அழைத்துப் போவதற்காக நிலையத்தின் மலாய் டீச்சர் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார். அலாம் அப்போதுதான் நின்றது. நான் மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. களிமண்ணைப் பிடித்திருந்த கையால் என்னைத் தள்ளினாள்.

டீச்சர் என்னிடம் மலாயில் சொன்னார். தானாக உள்ளே வந்து மேசைக்கு அடியில் நுழைந்தாளாம். இந்தக் கட்டடத்துப் பிள்ளை என்று நினைத்து, “திங்காட் பெராப்பா?”, எந்த மாடி என்று கேட்டாராம்.

“அத்தாஸ்” என்று பதில் சொன்னாளாம் என்றார் டீச்சர். விரலால் மேலே காட்டினார், அவள் காட்டியது போல.

அத்தாஸ் என்றால் மேலே. ஷா ஆலமில் எத்தனையோ நாட்கள் பொம்மையைத் தூக்கிக் காட்டியும், கெஞ்சியும், பிஸ்கட் கொடுத்தும் அவளிடமிருந்து வராத மாதிரியான பதில். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டதும் சொல்லியிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்கு அந்த டீச்சர் மேல் பொறாமையாக இருந்தது. அந்த மேசை மேல், அந்தக் காது மூடி மேல், இந்தக் கட்டடத்தில் படுத்து எழும் எல்லோர் மேலும்.

“இவளுக்கு இங்கே இடம் கிடைக்குமா?” என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

முதலில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான், வெளியாட்களுக்கு இடம் மிஞ்சினால்தான் என்றார் டீச்சர். மிஞ்சுவதில்லை என்பதைச் சொல்லாமல் தலையை மட்டும் லேசாகச் சாய்த்தார்.

அதற்குள் ஐயர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “நல்ல நேரம் முடியப்போகுதும்மா. பால் பொங்கலையே.”

“மேல போக விட மாட்டேங்கிறாங்க சாமி, செக் பண்றாங்களாம்.”

“கட்டடம் ஒண்ணுதானே. கீழ்ப்பக்கமா பொங்கட்டும்.”

அக்கா டீச்சரைப் பார்த்தார். “டீச்சர், டாப்பூர் அடா?” என்று சமையலறை இருக்கிறதா எனக் கேட்டார். நிலையத்துக்குப் பின்னால் சின்ன அடுப்படி இருந்தது. மின்சார அடுப்பு. பானையை வைத்தார்கள். வெளியே போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாசனை வந்தபோது டீச்சர் கூரையிலிருந்த புகைக் கருவியை அண்ணாந்து பார்த்தார். அது சும்மா இருந்தது.

“இவர் போட்ட சாம்பிராணிக்கு லட்சுமி பயந்து கீழயே நின்னுட்டா போல,” என்று அக்கா தன் கணவரைப் பார்த்தார். அவர் கிளாஸ்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

முதல் கிளாஸ் பாலை ஊதி ஆற்றி அக்கா என் மகளுக்குக் கொடுத்தார். குடிக்கும்போது அவள் தலையைக் கோதிவிட்டு டீச்சரிடம் மலாயில் கேட்டார், “நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வர்ற பிள்ளைங்க இங்க வரலாமா?”

ஞாயிறு காலை வகுப்புக்கு வரலாம், குடியிருப்பவரே கூட வந்து விட்டுப் போக வேண்டும் என்றார் டீச்சர்.

“அப்புறம் என்ன? ஞாயித்துக்கெழம இவ எனக்கு விருந்தாளி,” என்றார் அக்கா. அவ்வளவு சுலபமாக. கடையில் மிச்சமான கறிவேப்பிலையை எடுத்துக் கொடுப்பது போல.

நான் நன்றி சொன்னேன். அவர் கொடுக்காமல் இருந்திருந்தால் பொறாமையாவது நிம்மதியாகப் பட்டிருக்கலாம்.

இப்போது எல்லா ஞாயிறும் போகிறோம். அக்கா லிப்ட் கார்டு ஒன்றை மகளுக்கென்றே கயிறு கோத்துக் கொடுத்திருக்கிறார். அவளை நிலையத்தில் விட்டுவிட்டு என்னை மேலே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருகிறார். கீழே சத்தம் அதிகம் என்று சொல்கிறார். “ஆமாக்கா,” என்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஒன்றும் கேட்பதில்லை. வகுப்பு முடிகிற நேரத்துக்கு முன்பே நான் இறங்கிவிடுகிறேன், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க.

போன ஞாயிறு கிள்ளான் திரும்பி, வீட்டு முன்னால் காரை நிறுத்தினேன். மனைவி வெளியே வந்து கேட்டைத் திறந்தாள். மகள் இறங்கவில்லை. கழுத்தில் தொங்கிய கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்தாள்.

“அத்தாஸ்,” என்றாள்.

மனைவி கேட்டைப் பிடித்தபடி அழத் தொடங்கினாள். மகள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் முறை. நான் வீட்டை அண்ணாந்து பார்த்தேன். ஒற்றைமாடி. கூரை, அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்றிரவு அவள் கார்டைக் கழற்றவில்லை. அடுத்த ஞாயிறு வரை கழுத்திலேயே கிடக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.