தலையளந்த நூல்

கருணாகரன் பூங்காவனத்துக்கு ஐந்து வெள்ளி கடன்பட்டிருந்தான். அவன் தலைப்பிள்ளை சுப்பையனுக்குப் பிரசவம் பார்த்த கூலி அது. ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்த அடுத்த மாதம் பிறந்த பிள்ளை. வயது ஒன்றரை தாண்டியும் கூலி வரவில்லை. தரமாட்டேன் என்று சொல்லியிருந்தாலாவது ஆம்பிளை என்று ஒத்துக்கொள்ளலாம். அவன் காஜா பெராங் கள்ளுக்கடை வாசலில் நின்றுகொண்டு, பிள்ளை நடக்காததற்கும் பேசாததற்கும் மருத்துவச்சிதான் காரணம், பிடித்து இழுத்ததில் தலையை நசுக்கிவிட்டாள் என்று பரப்பினான். கள் இறக்குகிறவன் அவன். ஓசியில் ஒரு சிரட்டை ஊற்றுகிறவன் சொன்னால் அந்த வாசலில் நிற்கிற கூட்டம் எதைத்தான் நம்பாது?

பூங்காவனம் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய கைக்காரி. புருஷன் செத்தபின் இரண்டு சேலையோடு டவுனுக்கு வந்து, எவன் தயவும் இல்லாமல் தொழில் கற்று, சொந்தக் காசில் அத்தாப்பு ஓலை வீடு கட்டியவள். ஓர் எழுத்து தெரியாது. ஆனால் முந்நூறு பிள்ளைக்கு மேல் எடுத்திருக்கிறாள். ஒரு தாயைக்கூடப் பறிகொடுத்ததில்லை. மீசை வைத்த எவனாவது தன் தொழிலில் இப்படி ஒரு கணக்குச் சொல்லட்டும் பார்க்கலாம்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தொப்புள்கொடி கட்டிய கையோடு, மிச்ச நூலைப் பிள்ளையின் தலையில் ஒரு சுற்றுச் சுற்றி அளப்பாள். அந்த அளவுக்கு வெட்டி, யார் வீட்டுப் பிள்ளை என்று தனக்கு மட்டும் புரிகிற முடிச்சுப் போட்டு, பிஸ்கட் டின்னில் வைப்பாள். படித்தவன் நோட்டில் எழுதுவதை அவள் நூலில் எழுதி வைத்தாள், அவ்வளவுதான்.

கருணாகரன் வாய் வேலை செய்தது. இரண்டு மாதம் ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் டின்னைத் திறந்து நூல்களைப் பாயில் பரப்பினாள். சில நூல்கள் குட்டை. அதில் சில குறைமாதத்துப் பிள்ளைகளுடையவை. அந்தப் பிள்ளைகள் பிறகு தேறித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மீதி ஐந்து. ஐந்து பேருக்கும் மாதம் நிறைந்துதான் பிறப்பு. ஐந்து பேருக்கும் கண் சிறுத்து, மேலுதடு மெலிந்து, மூக்குக்குக் கீழே எல்லோருக்கும் இருக்கிற பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருந்தது. ஐந்து தாய்களும் கர்ப்பத்தில் தினம் கள் குடித்தவர்கள். ஐந்தாவது நூல் சுப்பையனுடையது.

கள் குடித்தால் உடம்பு குளிரும், பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று அந்தப் புத்திசாலிகள் நம்பினார்கள். கருணாகரன் மனைவிக்குக் காலையும் மாலையும் சிரட்டை நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, ராணி மாதிரி வைத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டவன்.

ஒரு மத்தியானம் அந்த மனைவி கமலவேணியே வந்தாள். இடுப்பில் சுப்பையன், வயிற்றில் மூன்று மாதம்.

"அக்கா, இதுவும் இவன மாதிரியே பொறந்திடுமா?"

"இன்னிக்குக் குடிச்சியா?"

"காலையில ஒரு செரட்டை. அரிசிதான் இல்லையே, இதாவது ஒடம்புல ஒட்டட்டும்னு அவரு குடுத்தாரு."

பூங்காவனம் அவளைத் திட்டவில்லை. நூல்களை எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் காட்டினாள்.

"நீ குடிச்சத அதுவும் குடிச்சிருக்கு, புள்ள. ஒனக்கு ராத்திரியோட எறங்கிப்போச்சு. அதுக்கு எறங்கல."

அன்று கமலவேணி வீடு திரும்பவில்லை. சாயங்காலம் கருணாகரன் வந்து வாசலில் குதித்தான். தன் பெண்டாட்டிக்கு எதைக் கொடுக்கவேண்டும் என்று தனக்குத் தெரியும் என்றான்.

"தெரிஞ்ச லட்சணந்தான் இடுப்புல ஒக்காந்திருக்கே. தென்னைக்குக் கள்ளு முட்டி கட்டுறது போதாதுன்னு வயித்துப் புள்ளைக்கும் கட்டுனவன்டா நீ. இது பொறக்கட்டும். இதுவும் அப்படியே ஆச்சுன்னா நான் இந்தத் தொழிலயே விட்டுடுறேன். நல்லா நடந்து பேசிச்சுன்னா, எங்க நின்னு என்னைச் சொன்னியோ அங்கயே நின்னு என் கூலிய எண்ணு."

பந்தயம் போட்டுவிட்டாளே தவிர, முதல் மூன்று மாதத்துக் கள்ளை நினைத்து அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். அதை முகத்தில் காட்டுகிறவள் இல்லை. மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்கீரை, கிடைத்த அன்று நெத்திலி என்று ஆக்கிப் போட்டாள். கள் வாடை அடித்தால் கருணாகரனையே படியேற விடவில்லை.

பெண் பிறந்தது. பூங்காவனம் முதலில் கட்டைவிரலால் அதன் மேலுதட்டைத் தடவினாள். பள்ளம் இருந்தது. பிறகு நூலைச் சுற்றினாள். அண்ணன் நூலைவிட ஒரு விரற்கடை நீளம். கருணாகரன் அதற்கும் அசரவில்லை. நூல் நடக்குமா, பேசுமா, பிள்ளை நடந்து பேசட்டும் என்றான்.

விஜயா பத்தாம் மாதத்தில் எழுந்து நின்றாள். ஜப்பான்காரன் சரணடைந்தபோது தெருவையே சுற்றி வந்து, அப்பனைப் பார்த்து "ப்பா, வா" என்றாள். அதற்கு முன்பே பிள்ளைத்தாய்ச்சிகள் பூங்காவனத்தைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். சுப்பையன் மூன்றரை வயதில்தான் நடந்தான். பேச்சு இரண்டு மூன்று சொல்லோடு நின்றுவிட்டது. அவனுக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஐந்து நூல்களை மட்டும் அவள் ஒருநாளும் பெருமையாக யாரிடமும் காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கள்ளுக்கடை வாசலுக்குப் போனாள். கூட்டம் வழிவிட்டது. கருணாகரன் மடியிலிருந்து ஜப்பான்காரனின், இப்போது செல்லாத வாழைமர நோட்டுக் கட்டை எடுத்து நீட்டினான்.

"அடுப்புப் பத்தவைக்க எங்கிட்ட தேங்காமட்டை இருக்கு. நீ மூங்கிக்குழாயில பொதைச்சு வச்சிருக்கியே, அதுல எடு."

கூட்டம் சிரித்தது. அவன் போய்ப் பழைய வெள்ளைக்காரன் நோட்டோடு திரும்பி வந்தான். அவள் கையை விரித்து நீட்டினாள்.

"எதுக்குன்னு சொல்லிக் குடு."

"சுப்பையன் பொறந்த கூலி," என்று முனகினான். "அக்கா மேல தப்பில்ல. நான் ஊத்துன கள்ளு."

"பின்னால நிக்கிறவனுக்குக் கேக்கல."

மறுபடி உரக்கச் சொன்னான். பிறகு விரித்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கை மூடவில்லை. ஐந்தாவதையும் வைத்தான்.