இடது பக்கம் கருப்பு, வலது பக்கம் சில்வர்

ஒன்பது வருடமாக ஓட்டும் சின்னக் காரை விற்க மனமில்லை. சக்கரத்தையாவது மாற்றி அழகு பார்க்கலாம் என்று இன்று மனைவியோடு காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். நம் கைக்கு அடங்கும் விலையில் இரண்டு வகை அலாய் வீல்கள்தான் தேறின. ஒன்று கருப்பு, ஒன்று சில்வர்.

“கருப்பு எடுப்பா இருக்குமுங்களா?”

“அருமையா இருக்குமுங்க” என்றார் கடைக்காரர்.

“சில்வர்?”

“அதும் அருமையா இருக்குமுங்க.”

“நீங்களா இருந்தா எதைப் போடுவீங்க?”

“உங்க இஷ்டந்தானுங்க எங்க இஷ்டம்.”

மரியாதை கொடுத்தே ஒரு மனிதனைப் பைத்தியமாக்க நம்மூரில்தான் முடியும்.

கடைசியில் முன்பக்கம் இடதில் கருப்பையும் வலதில் சில்வரையும் மாட்டிக் காட்டினார். இடப்பக்கம் நின்றால் கருப்புதான் சரி என்று தோன்றியது. சுற்றி வலப்பக்கம் வந்தால் சில்வர்தான். ஏழெட்டு முறை சுற்றினேன். நடுவில் பின்சக்கரங்களைப் பார்த்ததும், பழையதே போதுமோ என்று வேறு குழப்பம்.

வெயில் தாங்காமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்ட மனைவியிடம் கேட்டேன்.

“அம்மணி, எது நல்லா இருக்குது?”

“ஏனுங்க, உள்ள உக்காந்தா ரெண்டுமே தெரியலீங்க. இத்தன வருசமா நாம உள்ளதானுங்க உக்காந்துட்டிருக்கறோம்?”

கடைக்காரரிடம் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டையும் மாட்டியிருந்தபோது எடுத்த படம் போட்டிருக்கிறேன். வெளியே நின்று பார்க்கப் போகிறவர்கள் நீங்கள்தான், நீங்களே சொல்லுங்கள். “ரெண்டுமே அருமைங்க” என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.