முன்பாரமாக என் மாமியார்

கதவு இல்லாத வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். எழுபதுகளின் கடைசி அது. அப்போது எனக்கு வாய் நீளம். இப்போதும் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், கோட்டைக்குப்பத்தில் நான் வாழ்க்கைப்பட்டது ஒற்றை அறை வீடு. ஏழு பேர் இருந்தோம். வாசலுக்கு ஓலைத் தட்டி, எங்கள் இருவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு பழைய புடவை. விடிவதற்கு முன்பே மாமியார் என்னைத் தாண்டிக்கொண்டுதான் அடுப்புக்குப் போவார். மீன் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குக் கிளம்பும் அவசரத்தில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, என் சீப்பால் தலை வாரிக்கொள்வார். கேட்பது என்ற பேச்சே கிடையாது. கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கர்ப்பமாக இருந்த எனக்கு நல்ல துண்டு மீனைத் தன் தட்டிலிருந்து எடுத்து வைத்தவர். அதுதான் கஷ்டம். நன்றாகச் சண்டை போடக்கூட ஒரு சாக்குக் கிடைக்கவில்லை.

"கதவு இன்னாத்துக்கு? உள்ள இன்னா கொட்டி வெச்சிக்கீற, திருடன் வர்றதுக்கு?" என்றுதான் அவர் கேட்டார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் கொண்டுவந்து விடுவது எங்களில் வழக்கம். ஐந்து போய் ஏழும் வந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் இறாலோடு வருவார், குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு ஞாயிறு அவர் தூக்கியதும் குழந்தை வேற்று ஆளைப் பார்த்ததுபோல வீறிட்டது. அவர் முகத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை. இதற்குமேல் பிடிவாதம் பிடித்தால் கதவு கிடைக்கும், வீடு கிடைக்காது என்று பயந்துவிட்டேன். பயந்ததை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த ஒரு பாயிடம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட ஜீப். கியர் குச்சி தவிர இரண்டாவது குச்சி ஒன்று உண்டு, அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும். மணலில் வேறு எந்த வண்டியும் வராத இடத்துக்கு அது போய் இறால் கூடைகளை ஏற்றி வரும். அந்த ஜீப்பில் அனுப்பம்பட்டுப் பக்கம் போனபோதுதான் அவர் அந்த வண்டி வீட்டைப் பார்த்திருக்கிறார்.

ரோடு போட வந்த கம்பெனிக்காரர்கள் இன்ஜினீயர் தங்குவதற்காக வைத்திருந்தது. இரும்புச் சட்டத்தின்மேல் பலகையும் தகரமும் அடித்து, அடியில் இரண்டு லாரிச் சக்கரம். அவர்கள் அதைக் கேரவன் என்றார்கள். வேலை முடிந்துவிட்டது. "இந்த வாரத்துக்குள்ள இழுத்துக்கினு போறவன் எடுத்துக்கட்டும், இல்லாங்காட்டி ஒடச்சி இரும்புக்குப் போட்டுடுவோம்" என்று மேஸ்திரி சொன்னாராம். இவர் பாயிடம் போய் ஜீப்பைக் கேட்டார்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "ஜீப்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ வேலைக்கு வராத. வண்டி வந்து சேரலன்னா உம் பொஞ்சாதி வரமாட்டா. ரெண்டுல எது பெரிசுன்னு நீயே பாத்துக்கோ" என்றாராம். அந்த வெள்ளிக்கிழமையே ஜீப்பைக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, இவரும் இவருடைய அண்ணனும் தம்பியும் என் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "வந்து பாரு. புடிச்சா இழுத்துக்கினு போவோம். புடிக்கலன்னா திரும்பக் கொண்டாந்து உட்டுர்றேன்" என்றார் இவர். அம்மா ஆட்டுக்கல், அம்மி, அரிசி மூட்டை, அண்டா எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னாள். நான் திரும்பி வரக்கூடாது என்பதை அவளைவிட அழகாக யாரும் சொல்ல முடியாது.

அனுப்பம்பட்டில் அந்த வண்டிக்குள் குழந்தையோடு ஏறினேன். ஒரே அறை, இரண்டு ஜன்னல், தார் வாசனை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே மூன்று ஆண்கள் பேசுவது கேட்டது, ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படி நின்றதே இல்லை. ரவிக்கைக் கொக்கியை அவிழ்த்து, நிதானமாக, யாருக்கும் முதுகைத் திருப்பாமல் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். பிறகு கதவைத் திறந்து, "இழுங்க" என்றேன்.

ஜீப்பில் உட்கார இடம் வேண்டுமென்று சாமான்களை வண்டிக்கு மாற்றினார்கள். இங்கேதான் வந்தது வினை. "பாரத்தையெல்லாம் வால்ல போடுடா. மூக்கு தூக்கினு இருந்தாத்தான் நல்லா ஏறும்" என்றார் அண்ணன். அலையைத் தாண்டப் படகின் மூக்கு லேசாக இருக்கவேண்டும், பிறந்ததிலிருந்து அவர்களுக்குத் தெரிந்தது அது. என் வீட்டுக்காரரும் படகிலிருந்து இறங்கி நேராக ஜீப்பில் ஏறியவர்தானே, தலையாட்டினார். ஆட்டுக்கல்லும் அம்மியும் அரிசி மூட்டையும் வண்டியின் கடைக்கோடிக்குப் போயின. கொக்கியை மாட்டினார்கள், கிளம்பினோம்.

பொன்னேரி தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் வண்டி வாலாட்ட ஆரம்பித்தது. அது இடது பக்கம் ஆட்டினால் ஜீப் வலது பக்கம் போனது. எதிரே பழவேற்காட்டிலிருந்து வந்த பஸ் வயலோரம் ஒதுங்கி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்தினார்.

"வூட்டையே இட்டாந்துக்கீறோம், வாத்யாரே!" என்று கொழுந்தன் பதில் சொன்னான். பயத்திலும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு மாட்டு வண்டிக்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போகும் வேகத்தில்தான் போனோம்.

குப்பத்தின் ஓரத்தில், வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மணலில் மாட்டினோம். இவர் இரண்டாவது குச்சியைத் தள்ளினார். நாலு சக்கரமும் சுற்றின, பின் சக்கரம் இரண்டும் சும்மா சுற்றி மணலைத்தான் வாரி இறைத்தன. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. படகு இழுக்கும் கயிறோடு குப்பமே ஓடி வந்தது. இருபது பேர் இழுத்தும் அசையவில்லை. ஜீப்பிலிருந்து கருகின வாடை வந்தது. பாய் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும், இவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மூக்கு இன்னும் தூக்கணும்" என்று சொல்லி அண்ணன் தானே போய் வண்டியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டார். நான் குழந்தையோடு ஜீப்பின் பின் சீட்டில் இருந்தேன். சீட் என்னை மேலே தூக்குவது தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில் அம்மாவோடு கருவாட்டு மூட்டை ஏற்றி உள்நாட்டுச் சந்தைகளுக்கு வாடகை மாட்டு வண்டியில் போயிருக்கிறேன். எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் வண்டிக்காரர், "பின்பாரம் ஆவுது, முன்ன வாங்க!" என்று கத்துவார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கி, மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கிவிடும். கடலோடு பிழைத்த இவர்களுக்கு மாடு பூட்டி என்ன பழக்கம்?

"இது படகு இல்ல, மாட்டு வண்டி!" என்று கத்தினேன். "ஜீப்புதான் மாடு. கழுத்த நெரிச்சுக்கினு இழு இழுன்னா எப்டி இழுக்கும்? கல்ல எடுத்து முன்னால போடுங்க!"

இவர் இறங்கிப் போய்க் கொக்கியைக் குனிந்து பார்த்தார். அது ஜீப்பின் பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தது. அண்ணனிடம், "அவ சொல்றது கரெக்ட்டு, எறங்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருடன் ஒரு ஓலைத் தட்டிக்குப் பின்னால்கூடக் காலம் தள்ளலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் வண்டியை அங்கேயே விட்டுவிடுவார்.

சாமான்களை முன்னால் மாற்றினார்கள். சக்கரம் மணலைக் கடித்தது, ஒரு முழம் நகர்ந்தது, மறுபடி நின்றது. முன்பாரம் இன்னும் வேண்டும். அந்த நேரம் பொன்னேரி பஸ்ஸை விட்டிறங்கி, காலிக் கூடையோடு என் மாமியார் வந்து சேர்ந்தார். குப்பத்திலேயே கனத்த பெண்பிள்ளை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், உடனே தரையைப் பார்த்தார்கள். சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

நீள வாய் எனக்குத்தானே. ஜீப்பை விட்டு இறங்கி அவர் எதிரே போனேன். ஏழு மாதத்துக்குமேல் ஆகியிருந்தது அவர் முகத்தைப் பார்த்து. "அத்தே, உள்ள ஏறி முன்பக்கமா குந்துறீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த குழந்தையை வாங்கினார். அப்பனைப் பார்த்து வீறிட்ட பிள்ளை, மீன் வாடை அடித்த அந்த மடியில் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறி, கொக்கிப் பக்கத்துச் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜீப்பின் பின்பக்கம் கண் முன்னாலேயே இறங்கியது. மாமியாரின் எடையை அன்றுதான் முதல்முறையாக மனதாரப் பாராட்டினேன். ஆண்கள் கயிற்றைப் பிடித்தார்கள், இவர் குச்சியைத் தள்ளினார், வண்டி கிளம்பியது. வீட்டுப் பக்கத்தில் போய்த்தான் நின்றது.

மற்ற பெண்கள் இறங்கிவிட்டார்கள். மாமியார் மட்டும் கடைசியாக இறங்கினார். அதற்கு முன் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்துப் பார்க்கும் சத்தம் வெளியே கேட்டது.

சாயங்காலம் சக்கரங்களுக்கும் வண்டியின் மூக்குக்கு அடியிலும் பனந்துண்டு முட்டுக் கொடுத்துவிட்டு இவர் ஜீப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனார். வேடிக்கை பார்த்த ஜனம் கலைந்தது. குழந்தை தூங்கியது. நான் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, என் சாமான்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன்.

கதவில் இரண்டு தட்டு கேட்டது. எங்கள் குப்பத்தில் யாரும் கதவைத் தட்டி நான் கேட்டதில்லை. தட்டக் கதவு எங்கே இருந்தது? திறந்தேன். மாமியார் குழம்புச் சட்டியோடு கீழே மணலில் நின்றிருந்தார். படியில் கால் வைக்கவில்லை.

"உள்ள வரட்டுமா?" என்றார்.

"இன்னா அத்தே இது, என்னைக் கேட்டுக்கினு?"

"கதவு வெச்ச வூடாச்சே. கேக்காம எப்டிம்மா வர்றது?"

இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சண்டை ஒன்றும் வாயில் வரவில்லை. சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கையைக் கொடுத்து அவரை மேலே ஏற்றினேன். அவர் வந்து உட்கார்ந்ததும் வீடு அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது.