தம்பி விழுந்ததால் தெரிந்தது

கோடை விடுமுறை முடிந்து, புதிய பருவத்துக்கான பயிற்சி தொடங்கிய வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு, கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் இருக்கும் அம்மாவின் வீட்டில் கூடியிருந்தோம். மேலே எதையோ எடுக்கப் போன தம்பி நிமலனைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"ஒண்டுமில்லை அக்கா. தலை சுத்தின மாதிரி இருந்துது. நேற்று ட்ரெயினிங் கொஞ்சம் ஹெவி."

எழுந்து வந்து வழக்கம்போல இரண்டு பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டான். நாங்கள் வேறு கதைக்குப் போய்விட்டோம். ஓடுவதையே தொழிலாகக் கொண்ட இருபத்தைந்து வயதுக்காரனின் இதயத்தில் நோய் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? உங்கள் வீட்டில் யாராவது விளையாடும்போதோ படியேறும்போதோ இப்படி உட்கார்ந்தால், ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இதுதான்.

நிமலன் தொழில்முறை உதைபந்தாட்டக்காரன். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தபோது அவன் கைக்குழந்தை. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பந்து உதைத்துத் தொடங்கியவனை ஒரு பெரிய கழகம் சிறுவர் அணியில் சேர்த்தது. பதினாறு வயதில் அதே கழகம் அவனை வேண்டாம் என்றது. ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தவன், பிறகு கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்றின் வாசலில் போய் நின்றான். அங்கே நடுக்கள வீரனாக வளர்ந்து, அணித் தலைவனும் ஆனான். அந்தக் கோடையில் மேல்பிரிவுக் கழகம் ஒன்று அவனைக் கேட்டிருந்தது. பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது.

அந்த ஞாயிறு கழிந்து சில நாட்களில், நான் ஹரோவில் அலுவலகத்தில் இருந்தபோது தொலைபேசி வந்தது. கழகத்தின் உடற்சிகிச்சையாளர் பேசினார். பயிற்சியின்போது நிமலன் விழுந்துவிட்டான், துடிப்பு நின்றது, மறுபடி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை தம்பியின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தவர் அவர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருடைய இரண்டு கைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

அவசரப் பிரிவுக்கு வெளியே இருந்த நடைபாதையில் அணி முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. பயிற்சி உடையோடு அப்படியே வந்திருந்தார்கள். தரை பழுதாகும் என்று ஒரு தாதி சொல்லியிருக்க வேண்டும். சேறு படிந்த சப்பாத்துகளைக் கழற்றிச் சுவரோரமாக வரிசையாக வைத்திருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் எல்லோரும் காலுறையோடு எழுந்து நின்றார்கள். அம்மா ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது), எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிப்பது) என்று பரிசோதனைகள் நடந்தன. சில நாட்களில் இதய நோய் மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். நரை விழத் தொடங்கிய, நிதானமான பெண்மணி. ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்றார் (இதயத்தின் தசைச் சுவர் வெளிக்காரணம் எதுவுமில்லாமல் தடித்துப்போகும் நோய், பெரும்பாலும் பரம்பரையாக வருவது, சிலருக்குத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம்). பிறகு அம்மாவைப் பார்த்து, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அம்மா என்னைத்தான் பார்த்துப் பதில் சொன்னார்.

"உங்கட அப்பா சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தவர். வாசல் படலையடியில இறங்கினவர், அப்பிடியே விழுந்திட்டார். சண்டை நேரம், ஊரடங்கு. வாகனம் கேட்டு எங்க போறது? நான் கத்திக்கொண்டு நிண்டன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் பிழைச்சிருப்பார் எண்டு அந்த நாளிலயிருந்து நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

இதை நான் மருத்துவரிடம் சொல்லி முடித்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பார்க்காத நோயாளியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதே நோயாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அப்படியென்றால் சில நிமிடங்களுக்குள் மின் அதிர்ச்சி கொடுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி தெருமுனையில் இருந்திருந்தாலும் அது எளிதல்ல. "உங்கள் அம்மா செய்யத் தவறியது எதுவுமில்லை. அதை அப்படியே சொல்லுங்கள்," என்றார்.

சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "அப்ப என்னால இல்லையா, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிக்கு ஐ.சி.டி. பொருத்தினார்கள் (காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைக்கும் சிறு கருவி, துடிப்பு ஆபத்தாக மாறினால் மின் அதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரும்). நடக்கலாம், வேலை செய்யலாம், கலியாணம் கட்டலாம், கிழவனாகலாம். போட்டிகளில் ஆட முடியாது. மருத்துவர் இதைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். நிமலன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இந்த சீசன் மட்டுமா?" என்றான். "இல்லை. இனி எப்போதும்," என்றார் அவர்.

அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. மேல்பிரிவுக் கழகம் விலகிக்கொண்டது. ஆனால் அவனுடைய முகவர் வேறொரு வழி சொன்னார்: வெளிநாட்டில் ஒரு கழகம், என்ன நடந்தாலும் பொறுப்பு தன்னுடையது என்று நிமலன் கையெழுத்து வைத்தால் ஆடவிடும் என்று. அம்மா கெஞ்சினார். சாப்பிடாமல் கிடந்தார். "என்ர உடம்பு அம்மா. எனக்கு வேற என்ன தெரியும்?" என்று அவன் கத்திவிட்டு வெளியே போனான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ஒன்பது வயதிலிருந்து அவன் செய்தது அந்த ஒன்றைத்தான்.

அந்த நேரத்தில்தான் என் பரிசோதனை வந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சம்பிரதாயத்துக்குப் போவதாகவே நினைத்தேன். எனக்கு முப்பத்துநான்கு வயது. ஓடுவது என்றால் காலையில் ரெயினைப் பிடிக்க ஓடுவது மட்டும்தான். கணவர் வேலையில் இருந்ததால் நிமலன் துணைக்கு வந்தான்.

எனக்கும் இருந்தது. அவனுடையதைவிடக் குறைவு, ஆனால் அதேதான். எக்கோ படத்தில் மருத்துவர் விரல் வைத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என் இதயம், சற்றுத் தடித்த ஒரு பக்கத்தோடு, எதுவும் நடக்காததுபோல் அடித்துக்கொண்டிருந்தது. பீட்டா பிளாக்கர் (துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை) எழுதினார். என் மகளையும் காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டும் என்றார். அதைக் கேட்டபோதுதான் அழுகை வந்தது.

வெளியே நடைபாதையில் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அழாதேங்கோ அக்கா. டாக்டர் என்ன சொன்னவ? கண்டுபிடிச்சால் பாதுகாக்க ஏலும் எண்டுதானே?"

"ஓம்."

"நான் விழாட்டி உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, என்ன?"

அவன் கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போய் முகவரை அழைத்தான். ஆங்கிலத்தில் சுருக்கமாகத்தான் பேசினான். வேண்டாம், நான் வரவில்லை, நன்றி. திரும்பி வந்து, "ரீ குடிப்பமா?" என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் உதைபந்தாட்டம் பார்க்கவில்லை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் வீட்டில் தொலைக்காட்சியை யாரும் போடுவதில்லை. கருவி எப்போது அதிர்ச்சி கொடுக்குமோ என்ற பயத்தில் அந்தத் தோள்பக்கம் சாய்ந்து படுக்கமாட்டான். மாத்திரை தொடங்கிய புதிதில் எனக்கும் உடம்பு ஈரச் சாக்குப்போலக் கனத்தது. இரண்டு பேரும் தொலைபேசியில் இதைப் பற்றியே பேசிக்கொள்வோம்: உனக்கு எப்படி, உங்களுக்கு எப்படி. அம்மா விம்பிள்டன் கோயிலுக்குப் போய் எங்கள் இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்துகொண்டு வருவார். அவருடைய முகத்திலிருந்து மட்டும் ஏதோ ஒரு பாரம் இறங்கிவிட்டிருந்தது. அப்பாவைப் பற்றிச் சிரித்துப் பேசத் தொடங்கியிருந்தார். அவர் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவாராம். அதை நான் அதுவரை கேட்டதில்லை.

வசந்தத்தில் கழகத்தின் பயிற்சியாளர் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். இரண்டு தோசை சாப்பிட்டார். அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆள் தேவை என்றார். நிமலன் முடியாது என்றான். ஆனாலும் போனான். திரும்பி வந்து, அந்த அணியின் நடுக்களம் எங்கே உடைகிறது என்று மேசைமேல் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் நகர்த்தி அம்மாவுக்கு விளக்கினான். இப்போது அதுவே அவனுடைய சம்பள வேலை.

சென்ற மாதம் என்னையும் ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் ஆடிய காலத்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பந்து எங்கே போகிறதோ அங்கே பார்த்துக் கைதட்டிவிட்டு வருவேன்.

"பந்தைப் பாக்காதேங்கோ அக்கா. எட்டாம் நம்பரைப் பாருங்கோ."

பார்த்தேன். அந்த மனிதர் ஓடிக்கொண்டே இருந்தார். பந்து ஒருமுறையும் அவரிடம் வரவில்லை.

"இவ்வளவு ஓடியும் ஒருத்தரும் குடுக்கேல்லையே?"

"குடுக்கமாட்டினம். அவர் அங்க ஓடினபடியாத்தான் மற்ற ஆளுக்கு இடம் கிடைச்சது. மிட்ஃபீல்டின்ர வேலை அதுதான்." சொல்லும்போது அவன் கண் களத்தைவிட்டு அகலவில்லை. முகம் தெளிவாக இருந்தது. வலி இல்லாமலில்லை, ஆனால் தெளிவாக இருந்தது.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தோம். ரெயில் நிலையத்துக்குப் போகும் தெரு மேடு. கூட்டம் எங்களை இரண்டு பக்கமும் கடந்து போய்க்கொண்டிருந்தது. பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றேன். அவனும் நின்றான். ஏன் என்று கேட்கவில்லை. முன்பு நான் என் உடம்பைக் கவனித்ததே இல்லை. அது என்னைச் சுமந்துகொண்டு ஓடும், அவ்வளவுதான். இப்போது அது நில் என்றால் நிற்கிறேன். நின்றதால் நான் எங்கும் பிந்திப்போனதாக இதுவரை தெரியவில்லை.

நிலையத்தின் மேடையில் கால் வைத்தபோது ரெயினின் கதவுகள் மூடத் தொடங்கின. பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். நாங்கள் ஓடவில்லை. ரெயின் போனபின் வெறுமையான மேடையில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்தோம். தூறிக்கொண்டிருந்தது.

"அடுத்தது வரும்," என்றான் தம்பி.

"வரட்டும்," என்றேன்.