குப்புறப் படுத்துப் படித்த ஏழு நாள்

காலையில் வாசலுக்கு வந்ததும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவது எங்கள் வேங்கிக்காலில் எல்லோருக்கும் வழக்கம். அன்று கும்பிட்டபோது மலையின் வலப்பக்கச் சரிவு மங்கலாக இருந்தது. மேகம் என்று நினைத்தேன். சந்தேகத்தில் இடக்கண்ணை மூடினேன். பாதி மலையைக் காணவில்லை.

நான்கு நாளாகவே வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. கறுப்புப் புள்ளிகள் கொசு மாதிரி பறந்தன. ஆபீசில் ஃபைல் ஜாஸ்தி, தூக்கம் கம்மி என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படி மின்னல் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். என் முட்டாள்தனம் என்னோடு போகட்டும்.

புதுச்சேரியில் ஓர் இளம் பெண் மருத்துவர் பார்த்தார். விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய மெல்லிய படலம் பிரிந்து வருவது) என்றார். மறுநாளே அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழ் (படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது, சில வாரங்களில் தானே கரைந்துவிடும்) வைத்து அனுப்பினார்கள்.

“ஏழு நாள் குப்புறப் படுக்கணும்மா. சாப்பிட, பாத்ரூம் போக எழுந்துக்கலாம். அப்பவும் தலை குனிஞ்சே இருக்கணும். நிமிர்ந்தா குமிழ் நகர்ந்துடும், படலம் திரும்பப் பிரிஞ்சிடலாம். அப்புறம் பார்வைக்கு நான் உறுதி சொல்ல முடியாது.”

“படிக்கலாமா டாக்டர்?”

“இன்னொரு கண்ணால கொஞ்சம் படிங்க. தலை மட்டும் நிமிரக் கூடாது.”

இட்லி வேகும் நேரம்கூட ஓரிடத்தில் நிற்காதவள் நான். கோப்பு படிப்பதுதான் என் வேலையும். கண் போனால் என்ன செய்வேன் என்று தரையைப் பார்த்தபடியே இரண்டு நாள் நினைத்துக் கிடந்தேன். முதுகு வலித்தது. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

என் கணவர் செல்வம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். முகம் வைக்க வளையம் வைத்து, பஞ்சு சுற்றி, ஓர் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். போன் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. புத்தகத்தைத் தரையில் வைத்தால் மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் காலை ஒரு மின்புத்தகக் கருவி வாங்கிவந்து வளையத்துக்குக் கீழே வைத்தார். இருப்பதிலேயே விலை குறைந்தது.

சாம்பல் நிறத் திரை, உள்ளே விளக்கு இல்லை. என் தலையின் நிழலே அதன்மேல் விழுந்தது. மேசை விளக்கைத் தரையில் இறக்கி வைத்தோம். எழுத்தைப் பெரிதாக்கினேன், விரலால் தொட்டால் பக்கம் திரும்பியது. ஒரு துப்பறியும் நாவலில் கொலை விழுந்து, விசாரணையும் தொடங்கிவிட்டது. இரண்டு நாளில் முதன்முறையாக முதுகை மறந்தேன்.

அப்போது பக்கம் முழுக்கக் கறுத்து, வெளுத்து, மின்னியது.

இடக்கண்ணும் போய்விட்டது என்றே நினைத்தேன். எழுந்து வாசலுக்கு ஓடி, தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தேன். இந்த ஊரில் பிறந்தவளுக்குக் கண்ணைச் சோதிக்க வேறு வழி தோன்றவில்லை. மலை முழுதாக இருந்தது. நம்பிக்கை வராமல் மேலும் பார்த்தேன்.

சாப்பாட்டுக்கு வந்த செல்வம் கேட்டிலிருந்தே கத்தினார். “ஏய் லதா, தலைய குனி! என்னா பண்ற நீ?”

“இந்தக் கண்ணும் போச்சுங்க. பளிச்சு பளிச்சுனு மின்னுது.”

என் பிடரியைப் பிடித்துக் குனியவைத்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். கருவியை எடுத்துப் பக்கங்களைத் தள்ளினார்.

“எனக்குந்தான் மின்னுது. அப்ப என் கண்ணும் போச்சா?” போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பழைய எழுத்து ஒட்டிக்கக் கூடாதுனு அதுவே துடைச்சிக்குதாம். எல்லா மிஷினும் இப்டித்தானாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுதேன். எத்தனை நேரம் நிமிர்ந்திருந்தேன்? ஒரு நிமிடமா, இரண்டா? மருத்துவருக்குப் போன் செய்தோம். “உடனே குனிஞ்சிட்டீங்க இல்ல? செக்கப்ல பார்ப்போம்” என்றார். அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று இப்போதும் புரியவில்லை. கருவியில் ஒவ்வொன்றும் பயமுறுத்தியது. முந்தைய பக்கத்தின் எழுத்து ஆவி மாதிரி அடியில் தெரியும். சில சொற்களில் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும். “இத கொஞ்சம் பாருங்களேன்” என்று செல்வத்தைக் கூப்பிடுவேன். அவர் தரையில் மல்லாந்து படுத்து, தலைக்குமேல் பிடித்துப் பார்த்து, “எனக்கும் அப்டித்தான் தெரியுது” என்பார். அதைக் கேட்டால்தான் அடுத்த பக்கம் போவேன். மணி பார்ப்பதை விட்டுவிட்டேன். திரையின் அடியில் எவ்வளவு படித்தோம் என்று காட்டுமே, அதுதான் கடிகாரம். ஒருநாள் மதியச் சாப்பாடு முப்பத்தெட்டு சதவீதத்தில் வந்தது.

படலம் ஒட்டியிருந்தது. மருத்துவர் அதைச் சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை நான்.

அடுத்த வாரங்களில் குமிழ் சிறுத்தது. கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் குமிழ் போல, நடந்தால் அதுவும் ஆடியது. அது முழுதும் கரைந்த அன்று காலை, இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு கருவியைத் திறந்தேன். நடுவில் வரிகள் தொய்ந்த கொடிக்கயிறு போல வளைந்திருந்தன.

“ஏங்க, இத வெயில்ல வச்சிட்டீங்களா? மிஷின் போச்சு. வரியெல்லாம் வளையுது.”

வாங்கிப் பார்த்தார். இந்தமுறை எனக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. கருவியைத் திருப்பி என் மடியில் வைத்து, இடக்கண்ணிலிருந்து என் கையை மெல்ல எடுத்தார். அதே கையால் என் வலக்கண்ணை மூடினார்.

வரிகள் நேராக இருந்தன.

படலம் ஒருமுறை பிரிந்து ஒட்டினால் இப்படி ஆகலாம், மாதக்கணக்கில் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கோப்பில் ஒரு பக்கம் முடிய முன்பைவிட இரு மடங்கு நேரம் ஆகிறது. அவசரப்பட்டால் வரி தாண்டிவிடுகிறேன்.

மாதம் ஒருமுறை அதே நாவலின் அதே பக்கத்தைத் திறந்து, இடக்கண்ணை மூடி, வளைந்த வரிகளை எண்ணுகிறேன். போன மாதம் ஆறு. இன்று நான்கு. நம்பாமல் மறுபடி மெதுவாக எண்ணினேன். நான்குதான்.